தோட்டத்தில் ஒரு வீடு: படத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கோவை, ஈரோடு, மதுரை, திருச்சி என எந்த நகரத்தின் எல்லையைத் தாண்டினாலும் இன்று தோப்புகளுக்கு நடுவே புது வீடுகள் எழும்புகின்றன. ஓய்வுபெற்றவர்கள், ஊர் திரும்ப நினைப்பவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளம் குடும்பங்கள், பிள்ளைகள் மண்ணை மிதித்து வளரட்டும் என்று ஆசைப்படும் பெற்றோர் எனப் பலரும் பண்ணை வீடு கட்ட முனைகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பெரும்பாலோர் பொறியாளரிடம் முதலில் நீட்டுவது கைபேசியில் சேமித்து வைத்த ஒரு படத்தை: வெள்ளைச் சுவர், கறுப்புச் சட்டமிட்ட பெரிய கண்ணாடி ஜன்னல்கள், செங்குத்தாகச் சரியும் கூரை. அந்தப் படத்திலிருந்து தொடங்கும் வீடு எங்கே போய் முடிகிறது? வேறு எங்கிருந்து தொடங்கலாம்? நிலம், வெயில், மண், தண்ணீர், அன்றாட வேலை ஆகிய ஐந்தையும் வரிசையாகப் பார்த்து முடித்த பிறகே தோற்றத்துக்கு வர வேண்டும் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

படத்தில் உள்ள வீடு எங்கிருந்து வந்தது?

அந்தப் படம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே பண்ணை வீட்டின் அமைப்பு பற்றிய பேச்சு பழையது. ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் நாட்டுப்புற வீடுகளின் கட்டடக் கலை பற்றித் தம் நூலை வெளியிட்டது 1850இல். நியூ இங்கிலாந்துப் பகுதியில் வீடு, சமையற்கட்டு, கொட்டகை, தொழுவம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டினார்கள். கடும் பனிக்காலத்திலும் வெளியே கால் வைக்காமல் மாட்டைப் பார்த்துவர அது உதவியது. செங்குத்தான கூரை, பனி தங்காமல் வழுக்கி விழுவதற்கு. வெள்ளை அடித்த மரப்பலகைச் சுவர், அருகிலிருந்த காட்டு மரம் மலிவாகக் கிடைத்ததால். வெக்கை மிகுந்த தென் மாநிலங்களில் வீட்டின் முன்னால் அகலமான தாழ்வாரம் வந்தது.

2013இல் டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரை மையமாக வைத்து ஒளிபரப்பான ‘ஃபிக்ஸர் அப்பர்’ தொலைக்காட்சித் தொடர் இந்தப் பாணியை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது. அங்கே அந்த வீட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. அதைத் தமிழ்நாட்டில் அப்படியே எழுப்பும்போது காரணங்கள் கழன்றுவிடுகின்றன. பனி இல்லாத ஊரில் செங்குத்துக் கூரை. சன்ஷேடு இல்லாத மேற்கு ஜன்னல். மழைச் சாரல் நேராக அடிக்கும் சுவர். உள்ளே நாள் முழுக்க ஏசி ஓட வேண்டியிருக்கிறது.

நம்மிடம் இருந்த பண்ணை வீடுகள்

காவிரிப் படுகையின் வீடு திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று நேர்கோட்டில் உள்ளே நீளும். அறுவடைக் காலத்தில் நெல் வந்து இறங்கி, அளந்து, குதிருக்குப் போகும் பாதையும் அதுவே. கொங்கு நாட்டில் நடுவில் திறந்த தொட்டிக்கட்டு வீடுகள் உண்டு. தோட்டத்திலேயே குடியிருப்பவர்களின் சாளைகளும் உண்டு. அங்கே வீட்டுக்கு எதிரே களம், கண் எட்டும் தூரத்தில் மாடு கட்டும் கட்டுத்தரை, பின்னால் பொடக்காளி எனும் புழக்கடை. மாடு இரவில் முனகினால் படுத்த இடத்திலிருந்தே கேட்கும்படி எல்லாம் அமைந்திருக்கும்.

செட்டிநாட்டு வீடுகள் வணிகக் குடும்பங்களின் வீடுகள். பண்ணை வீடுகள் அல்ல. ஆனால் வறண்ட மண்ணில் வெயிலையும் மழையையும் கையாண்ட விதத்தில் அவை நமக்கு ஆசான்கள். முற்றத்தின் நாற்புறக் கூரையிலிருந்தும் வழியும் மழைநீரை அண்டாக்களில் பிடித்தார்கள். மிச்சம் வடிகாலில் போய் ஊருணியில் சேர்ந்தது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த சுவர்கள் இன்றும் தொட்டால் சில்லென்றிருக்கின்றன.

இலங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, பெந்தோட்டைக்கு அருகே கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தை 1948இல் வாங்கி, லுனுகங்கா என்று பெயரிட்டு, சுமார் 50 ஆண்டுகள் அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். எந்த மரத்தை விடுவது, எந்த மேட்டைத் தாழ்த்துவது, எந்த ஜன்னலிலிருந்து ஏரி தெரிய வேண்டும் என்று நிலத்தையும் வீட்டையும் ஒரே வேலையாகப் பார்த்தார். தோட்டத்தில் வீடு கட்டுபவருக்கு அவர் தரும் பாடம் இது: வரைபடம் வீட்டின் நான்கு சுவரோடு நிற்கக் கூடாது. கிணறு, மரம், பாதை, வடிகால் எல்லாம் முதல் தாளிலேயே இருக்க வேண்டும்.

நிலமும் அனுமதியும்

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பார்க்கிறோம். அதோடு புலப்படத்தையும் நிலத்தில் அளந்து ஒப்பிட வேண்டும். வண்டிப்பாதை உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பது மிக முக்கியம். பக்கத்துத் தோட்டக்காரர் வாய்வார்த்தையாகக் கொடுத்த வழி, அவர் பிள்ளைகள் காலத்தில் வேலியாகிவிடும்.

விவசாய நிலத்தை வீட்டுமனையாகப் பயன்படுத்த நகர ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். கட்டட அனுமதி உள்ளாட்சி வழியே வர வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்தது. அதன் பின், 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளுக்காக 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. ‘பண்ணை மனை’ என்று விளம்பரம் செய்து விற்கும் துண்டு நிலங்களில் பணத்தைப் போடும் முன் இந்த வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும். புறநகரில் முறையாக அங்கீகரிக்கப்பட்ட மனை வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு இணையவழி சுயசான்று முறை 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இடம் பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் கட்டப்பட்ட விடுதிகள் தொடர்பான வழக்கில், அவற்றைக் காலி செய்யச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்தது. யானை நடக்கும் பாதையிலும் ஓடைப் புறம்போக்கின் கரையிலும் கட்டப்படும் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறான வீடுதான். காட்சி அழகுக்காக அங்கே நிலம் வாங்காதீர்கள்.

வெயிலும் காற்றும்

இந்தப் பகுதியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கோவை ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை அங்கே உச்சி வெயில் வடக்கிலிருந்து வருகிறது. மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து வருகிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே நிற்பதால் வடக்குச் சுவரில் 2 அடி சன்ஷேடு 9 அடி உயரத்துக்கு நிழல் தந்துவிடும். மார்கழி நண்பகலில் சூரியன் தாழ்ந்து வருவதால் தெற்குச் சுவரில் 3 அடி நீட்டினாலும் நான்கரை அடிக்குத்தான் நிழல் விழும். அது குளிர்காலம், அந்த வெயில் உள்ளே வந்தாலும் பாதகமில்லை. ஆக வடக்கும் தெற்கும் சின்ன நீட்டலுக்கே அடங்கும் திசைகள்.

அடங்காதது மேற்கு. மாலை 4 மணிக்கு மேல் வெயில் சாய்வாக வந்து சுவர் முழுவதையும் பிடிக்கிறது. எந்த சன்ஷேடும் அதைத் தடுக்காது. கோடையில் பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து மேற்குச் சுவரின் உட்புறத்தில் கை வைத்துப் பாருங்கள். அப்போதும் சூடு இறங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூடு அறைக்குள் பரவும் நேரத்தில்தான் நாம் படுக்கப் போகிறோம். அதனால் வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும், குறுகிய பக்கங்கள் கிழக்கும் மேற்கும் பார்க்க வேண்டும். மேற்கில் மாடிப்படி, சாமான் அறை, குளியலறை போன்றவற்றை வைத்துப் படுக்கையறைகளைக் காக்கலாம். இடம் இருந்தால் 8 அடித் தாழ்வாரத்தைத் தாழ்ந்த இறவாணத்தோடு இறக்கி, அதற்கு அப்பால் வேம்பும் புங்கனும் வைக்கலாம்.

காற்று ஊருக்கு ஊர் மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாமல் வீசும். அங்கே மேற்கு ஜன்னல் சிறிதாக, இறுக்கமான கதவோடு இருக்க வேண்டும். சென்னைக்குத் தெற்கே கடலோரப் புறநகரில் பிற்பகல் கடல்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது. மனையடி சாத்திரப்படி தென்கிழக்கான அக்கினி மூலையில் வைக்கும் சமையலறை, கொங்கு நாட்டில் புகையைக் காற்றோடு வெளியே அனுப்பிவிடும். கடலோரத்திலோ அதே மூலை, தாளிப்பு நெடியை வீட்டுக்குள் தள்ளும். சாத்திரத்தை மதிப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நல்ல புகைப்போக்கியையும் கூடத்துக்கு இடையில் ஒரு கதவையும் சேர்த்துக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

முற்றம் வைக்க விரும்புவோர் பலர். 10 அடிக்கு 10 அடியாவது இருந்தால்தான் அது காற்றை இழுக்கும். நான்கடிச் சதுரத்தில் வைப்பது வெறும் வெளிச்சத் துளை. மேலே கம்பியும் கொசுவலையும், கீழே வலை பொருத்திய வடிகாலும் கட்டாயம்.

மண், சுவர், கூரை

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். சாதாரணக் கருங்கல் அஸ்திவாரத்தின் மேல் பெல்ட் பீம் இல்லாமல் எழுப்பிய வீட்டில் இரண்டு மூன்று கோடைக்குள் ஜன்னல் மூலைகளில் சாய்வான வெடிப்பு ஓடும். இத்தகைய மண்ணுக்காகவே ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆய்வு நிறுவனம் அடியில் குமிழ் வைத்த பைல் அஸ்திவாரத்தை உருவாக்கியது. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு, பின்னால் வெடிப்பு பூசும் செலவுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. தோட்டத்தில் கரையான் நிச்சயம் இருக்கும். எனவே அஸ்திவாரக் கட்டத்திலேயே கரையான் மருந்து அடிக்க வேண்டும்.

சுவருக்கு நல்ல வழிகள் உண்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) பரப்பிய எலிப்பொறிக் கட்டில், செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவில் 3 அங்குல வெற்றிடம் விடுகிறார்கள். சுவர் அதே 9 அங்குலம்தான். ஆனால் செங்கல் கால்வாசி மிச்சமாகிறது, நடுவிலுள்ள காற்று வெயிலைத் தடுக்கிறது. கொத்தனாருக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் முதலில் 3 அடி மாதிரிச் சுவர் கட்டச் சொல்லுங்கள். மின்குழாய் போகும் இடங்களை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டடக் கலை நிறுவனம், சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து அழுத்திய, சுடாத மண்கற்களில் பெரிய கட்டடங்களையே எழுப்பிக் காட்டியிருக்கிறது. உங்கள் நிலத்து மண் அதற்குத் தகுதியானதாக இருந்தால், மண் எடுத்த குழியே பண்ணைக்குட்டையாகிவிடும். இந்தச் சுவர்களுக்கு இரண்டே நிபந்தனை: தரையிலிருந்து 2 அடி உயரமாவது கல் அல்லது சுட்ட செங்கல், மேலே நல்ல கூரை நீட்டல்.

வீட்டுக்குள் இறங்கும் சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாக வருகிறது. ஆகவே பணத்தை முகப்பில் குறைத்துக் கூரையில் கூட்டுங்கள். மூன்று வழிகளை ஒப்பிடலாம்.

ஒன்று, தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, தட்டோடு பதிப்பது. மெட்ராஸ் டெரஸ் காலத்திலிருந்து நமக்குப் பழகிய வேலை இது. வாட்டம் சரியாக இருந்தால் ஒழுகாது, சூடும் குறையும்.

இரண்டு, கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் ஓடுகளை அடுக்கி வார்ப்பது. தளத்தின் கீழ்ப் பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், அங்கே கான்கிரீட்டுக்கு அதிக வேலையில்லை. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே இரண்டிரண்டு மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து வைத்தால் கான்கிரீட் மிச்சமாகும். ஓட்டுக்குள் அடைபட்ட காற்று சூட்டையும் தடுக்கும். கம்பி இடைவெளியைப் பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும்.

மூன்று, சாய்ந்த ஓட்டுக் கூரை. பாசல் மிஷன் என்ற கிறித்தவ மறைப்பணி அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலை வழியாகப் பரவிய இந்த ஓடு, தென்னிந்திய மழைக்கு நன்கு ஈடுகொடுக்கிறது. குரங்கு நடமாட்டமுள்ள அடிவாரத்திலும் காற்று பலமான இடத்திலும் ஓட்டுக்குக் கீழே தளமோ கம்பிவலையோ வேண்டும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கற்களை விரும்புவோர், அவை கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துக் கையால் செய்யப்படுபவை என்பதை அறிந்து வாங்க வேண்டும். ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடு இருக்கும். நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் கெட்டுவிடும்.

தண்ணீர், கழிவு, மின்சாரம்

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. தோட்டத்து வீட்டில் சட்டத்துக்காக ஒரு குழி தோண்டுவதோடு நின்றுவிட வேண்டாம். 1,000 சதுர அடிக் கூரை என்பது 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் அதன் மேல் 65,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 52,000 லிட்டர் கைக்கு வரும். நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 30 லிட்டர் என்று வைத்தால் ஆண்டு முழுவதுக்கும் 11,000 லிட்டர் போதும். ஆக 12,000 லிட்டர் மூடிய தொட்டி ஒன்று கட்டி, முதல் மழையை வெளியே விட்டு, மணல் வடிகட்டி வைத்தால் குடிநீர்க் கவலை தீர்ந்தது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் இடங்களிலும், தருமபுரி, கிருஷ்ணகிரி போல ஃபுளோரைடு கலந்த இடங்களிலும் இதுவே ஆரோக்கியமான வழி. மீதி நீர் கிணற்றை ஊறவைக்கட்டும்.

செப்டிக் டேங்கும் அதன் உறிஞ்சுகுழியும் கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி, நிலச்சரிவில் கிணற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். குளியல், பாத்திரம் கழுவும் நீரைக் கழிப்பறைக் குழாயோடு சேர்க்காமல் தனியாகப் பிரித்தால் கல்வாழைக்கும் வாழைக்கும் போகும். நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஏற்பாடு இது. குழாய் வரைபடத்தில் முதலிலேயே இடம் ஒதுக்கினால் போதும்.

விவசாய இலவச மின் இணைப்பிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது, தனி வீட்டு இணைப்பு வாங்க வேண்டும். கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2024இல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைத்த அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். மின்வெட்டு அதிகமுள்ள கிராமத்தில் பேட்டரியோடு சேர்த்தே திட்டமிட வேண்டும்.

வேலைக்கான இடங்கள்

பண்ணை வீட்டை நகர வீட்டிலிருந்து பிரித்துக் காட்டுவது வேலை நடக்கும் இடம். தோட்டத்திலிருந்து சேறோடு வருபவர் எந்த வழியாக உள்ளே வருவார்? அமெரிக்கப் பண்ணை வீட்டில் அதற்கென்று ஒரு சேற்றறை உண்டு. நம்மிடம் பின்வாசலை ஒட்டிய குழாயடியும் துவைகல்லும் அதே வேலையைச் செய்தன. அதைக் கூரையோடு, 6 அடி அகலத்தில், வழுக்காத கல்தரையோடு கட்டுங்கள். மண்வெட்டி, மருந்து தெளிப்பான், உர மூட்டை ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து திறக்கும் பூட்டறை வேண்டும். பூச்சிமருந்து சமையலறைச் சுவரைப் பகிரவே கூடாது.

சமையலறை ஒன்றாக இல்லாமல் இரண்டு பகுதியாக இருப்பது நல்லது: உள்ளே அன்றாடச் சமையல், வெளியே கூரையிட்ட அடுப்படி. நெல் அவிப்பது, எண்ணெய்ப் பலகாரம், விசேஷச் சமையல் எல்லாம் அங்கே நடக்கும். வற்றலும் மிளகாயும் கொப்பரையும் காயப்போட, வெயில் முழுமையாக விழும் ஒரு சிறு களம் வேண்டும். முன்பக்கத் திண்ணை, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார நடுவில் ஒருவர் நடந்துபோகும் அகலத்தில் இருந்தால் ஆண்டு முழுக்கப் பயன்படும். 3 அடி அகலத்தில் அலங்காரமாக வைத்தால் செருப்பு விடத்தான் ஆகும்.

பெற்றோரின் படுக்கையறை தரைத்தளத்தில், கைப்பிடி வைத்த கழிப்பறையோடு இருக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வாசல் வரை வந்து திரும்பும் அளவு பாதை வேண்டும்.

பாம்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். விறகும் ஓடும் தென்னை மட்டையும் சுவரை ஒட்டிக் குவிக்காதீர்கள். வீட்டைச் சுற்றி 3 அடி சிமெண்ட் நடை போட்டு, அதற்கு விளக்கு வையுங்கள். கதவின் அடி இடைவெளியை அடையுங்கள். வடிகால் வாய்களுக்கு வலை போடுங்கள். தென்னையை வீட்டிலிருந்து தள்ளியே வையுங்கள், தேங்காயும் மட்டையும் ஓட்டின் மேல் விழாது.

அளவும் முடிவும்

இந்த வீடுகளில் நான் காணும் பெரிய குறை அளவுதான். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் விருந்தினருக்காக நான்கு படுக்கையறை கட்டுகிறார்கள். பிறகு பூட்டிய அறைகளைக் கூட்டிப் பெருக்க ஆள் தேடுகிறார்கள். 1,200 முதல் 1,500 சதுர அடியில் நல்ல கூரை, அகலத் தாழ்வாரம், பெரிய தொட்டி, வேலை முற்றம் வைத்துக் கட்டுங்கள். பின்னாளில் நீட்ட வேண்டிய பக்கத்தைக் காலி விட்டு வரைபடத்தில் குறித்துவையுங்கள். தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டில் போட்டால் விருந்தினர் மகிழ்ச்சியாகவே உறங்குவார்கள்.

வெள்ளைச் சுவர் பிடித்திருந்தால் தாராளமாக அடியுங்கள், வெயிலைத் திருப்பி அனுப்பும் நிறம் அது. சாய்ந்த கூரை பிடித்திருந்தால் அதையும் வையுங்கள், இறவாணத்தை மட்டும் 3 அடி வெளியே இழுத்துவிடுங்கள். திசையும் மண்ணும் தண்ணீரும் வேலையும் சரியாக அமைந்த வீட்டுக்கு எந்தத் தோற்றமும் பொருந்தும். அவை தவறிய வீட்டைத் தோற்றம் காப்பாற்றாது. எனவே நிலம் வாங்கியவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பொறியாளரைப் பார்க்கும் முன் ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் அந்த இடத்தில் கழியட்டும். வெயில் விழும் இடம், காற்று வரும் திசை, தண்ணீர் ஓடும் வழி, பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றின் ஆழம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். கைபேசிப் படத்துக்கு முன்னால் அந்தத் தாளைப் பொறியாளரிடம் கொடுங்கள்.